கன்னத்தில் நின்ற ஐந்து விரல்

போட்டோ ஸ்டூடியோக்காரரின் மனைவி, படத்தில் யார் முகத்திலிருந்து எதை அழித்தாலும், அது அன்றைக்கே அவள் முகத்தில் வந்து உட்கார்ந்துவிடும். பரு, மச்சம், கருவளையம், எதுவானாலும் சரி. அதற்காக யாரும் வைத்தியரிடம் ஓடவில்லை. ஆல்பத்தைக் கொடுத்த பிறகு ஒரிஜினல் படத்தை ஒரு தடவை திரையில் திறந்து பார்த்தால் போதும், வந்தது போய்விடும். அவசரப்பட்டு முன்பே திறந்தால் திருத்திய படத்திலும் பரு முளைத்துவிடும். இப்படியே பதினோரு வருஷம் அடுத்தவர் முகத்தையெல்லாம் சுமந்துகொண்டு சமைத்தாள், கடைக்குப் போனாள். வேலை பாதிப் பாதி என்று கணவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் எடுத்துக் கொண்டுவந்து கொட்டுவது அவர் பாதி. கண் மூடியது, வாய் பிளந்தது, ஆட்டம் கண்டது எல்லாம் கழித்து இருநூறு பொறுக்கி, வெளிச்சம் ஏற்றி, நிறம் சேர்த்து, முகம் துடைப்பது அவள் பாதி.

ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணின் இடது கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது, மோதிரத்தின் சதுரம் உட்பட. அலங்காரம் முடியத் தாமதமானதற்கு மாப்பிள்ளை கொடுத்தது. படம் பார்க்க வந்த பெண்ணின் அப்பா, "நல்ல நாள் பாருங்க, கன்னத்த மட்டும் கொஞ்சம் சுத்தம் பண்ணிடுங்கம்மா" என்றார். பெற்ற அப்பன்! நாக்கு கூசவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பத்தாறு படங்களில் அந்தக் கன்னத்தைத் துடைத்தாள்.

ஆல்பம் போன அன்று மத்தியானம், அவள் குளித்துவிட்டு வருவதற்குள், கணவர் ஒரிஜினல் அத்தனையையும் அழித்திருந்தார்.

"டிஸ்க்ல இடமே இல்ல. ஆல்பம்தான் குடுத்தாச்சே."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பதினோரு வருஷமாகவே எதையும் கேட்டதில்லை. விரல்கள் கன்னத்திலேயே நின்றுவிட்டன. அக்கம்பக்கம் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கூடப்பிறந்த அக்காவே வீடேறி வந்து, "கை நீட்டுற அளவுக்கு ஆயிட்டியாடா?" என்று கிழித்தாள். "நான் அடிக்கலன்னு நீயாவது சொல்லேன்" என்று அவர் மனைவியிடம் கெஞ்சினார். அவள் சொல்லவில்லை. நன்றாக வேண்டும் என்றே நானும் சொல்வேன்.

மூன்று வருஷம் கழித்து அந்த மணப்பெண் ஒரிஜினல் கேட்டு வந்தாள். விவாகரத்து வழக்கு. முதல் நாளிலிருந்தே அடி என்று அவள் சொல்ல, மாப்பிள்ளை ஆல்பத்தை நீதிமன்றத்தில் விரித்து வைத்து, "எப்படிச் சிரிக்கிறா பாருங்க, கன்னத்துல ஒரு கீறல் உண்டா?" என்று கேட்டானாம். அவளைப் பொய்க்காரி என்று எல்லோரும் நம்பத் தொடங்கியிருந்தார்கள். ஸ்டூடியோக்காரரின் மனைவிக்கு ரத்தம் கொதித்தது. அந்தப் பொய்யை மயிரிழை பிசகாமல் செய்து கொடுத்தது தன் கையல்லவா! "ஒரிஜினல் இல்லம்மா. நான் வர்றேன், வா" என்று செருப்பை மாட்டினாள்.

நீதிபதி அவளை அருகே அழைத்துப் பார்த்தார். மாப்பிள்ளையின் வலது கையைத் தாளில் வைத்து வரையச் சொன்னார். தாளைக் கன்னத்தோடு ஒப்பிட்டார்கள். விரலுக்கு விரல், மோதிரத்துக்கு மோதிரம் சரியாக இருந்தது. முகத்தை எப்படி ஃபைலில் கட்டுவது என்று எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளினார். "கட்ட வேணாங்கய்யா, வாய்தாவுக்கு வாய்தா வரச் சொன்னாப் போதும்" என்றார் எழுத்தர். கன்னத்துக்குச் சான்றுப் பொருள் எண் மூன்று என்று பதிவாயிற்று.

எட்டு வாய்தாவுக்கும் அவள் தவறாமல் போனாள். பெண்ணுக்கு விடுதலை கிடைத்தது. தீர்ப்புக்குப் பிறகு எழுத்தர் வழக்கம்போல ஒரு பதிவேட்டை நீட்டினார். 'சான்றுப் பொருள் மூன்றைச் சேதமின்றித் திரும்பப் பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்கு நேராக அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு, கன்னத்தோடு பஸ் ஏறினாள்.