வேல்சாமியின் கடைசிப் பாட்டு

1

இது கதையாகப் பிறக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென்காசி வாலிபர் சடுகுடுக் கழகம் ஆரம்பித்துப் பதினைந்து வருஷம் ஆகிறது, மலர் போடுகிறோம், கழகத்தின் வரலாறு நாலு பக்கத்துக்கு வேண்டும் என்று சென்ற மாதம் அதன் செயலாளர் ஆறுமுகநயினார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஊரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கைராசிக்காரர் என்று பெயர்.

"சடுகுடுக்கும் எனக்கும் என்ன அண்ணாச்சி சம்பந்தம்? நான் பொம்பளப்புள்ளைகளுக்குத் தமிழ் நடத்துதவ."

"நம்மூர்ல பத்திரிகையில பேரு வந்த ஆளு நீங்க ஒருத்திதான டீச்சர். வேற யார்ட்ட போவேன்?"

உண்மைதான். என் கதைகள் இரண்டு அச்சில் வந்திருக்கின்றன. இரண்டிலும் கடைசியில் எல்லாரும் ஒருமூச்சு அழுவார்கள், பிறகு எல்லாம் சரியாகிவிடும். முடிவு எழுதுவதில் எனக்குச் சிரமமே இருந்ததில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவள் நான்.

அந்த நாலு பக்கக் கட்டுரை இன்னும் முடியவில்லை. அது முடியாமல் போனதுதான் நீங்கள் இப்போது வாசிப்பது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். மழையை மாற்றவில்லை.

2

முதல் தொடக்கம்: "தென்றல் தவழும் தென்காசித் திருநகரிலே, வீரம் விளையும் சித்தாற்றங்கரையிலே, காளையர் பலர்—"

அடித்துவிட்டேன். பள்ளி ஆண்டு விழாவுக்கு இப்படி எழுதி எழுதிக் கை கெட்டுப்போயிருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மூன்று மைல்தான். ஆனால் சடுகுடு என்று வந்துவிட்டால்—" இதுவும் வேண்டாம். 'ஆனால்' என்று ஆரம்பிக்கும்போதே பொய் சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது.

மூன்றாம் தொடக்கம்: "ரக்பி கேடயத்தில் வேல்சாமியின் பெயர் இல்லை."

இது நிற்கிறது. இருக்கட்டும்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: மலைமேல் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீசனுக்குக் குற்றாலம் வந்தபோது சடுகுடு பார்த்துவிட்டு, "இது பந்தில்லாத ரக்பி" என்று சொல்லி இரண்டு ஊரில் ஜெயிக்கிற அணிக்கென்று ஒரு பித்தளைக் கேடயம் செய்து கொடுத்தாராம். ரக்பி என்றால் என்னவென்று இரண்டு ஊரிலும் யாருக்கும் தெரியாது. அது சீமையில் ஓர் ஊர் என்று நயினார் அண்ணாச்சி அடித்துச் சொன்னார். நான் சிரித்தேன். பிறகு பள்ளிக்கூட அட்லஸில் தேடினால் அப்படி ஓர் ஊர் இருக்கவே இருக்கிறது. அன்றிலிருந்து அவர் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க ஆரம்பித்தேன்.]

சடுகுடு ஆடாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பாடிப் போகிறவன் மூச்சு விடாமல் "சடுகுடு சடுகுடு" என்று சொல்லிக்கொண்டே எதிர்ப்பக்கம் போகிறான். யாரையாவது தொட்டுவிட்டுப் பாட்டு நிற்பதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். எதிரணி அவனைப் பிடித்து அமுக்கும். பாட்டு நின்றால் அவன் அவுட். அந்த நிமிஷமே பிடியை விட்டுவிட வேண்டும். அமுக்கின நிலையிலேயே பாடிக்கொண்டு கையை நீட்டி அவன் கோட்டைத் தொட்டுவிட்டால், பிடித்தவன் அத்தனை பேரும் அவுட். இவ்வளவுதான் ஆட்டம். பாட்டு நின்றால் விட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

3

நயினார் அண்ணாச்சி கடையில் உட்கார்ந்து சொன்னது:

"அம்பத்தெட்டு ஆடி. குத்தாலத்துல தோப்புக்குள்ள ஆட்டம். சாரல்னா அப்படிச் சாரல். ரெண்டு பக்கமும் புள்ளி சரிக்குச் சரி. கடைசிப் பாட்டு நம்ம வேல்சாமி போறான். ஒருத்தனைத் தொட்டுட்டான். திரும்புதான். ஆறு பேரும் சேந்து விழுந்து அமுக்கிட்டானுவ. கை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டிருக்கு டீச்சர். கோட்டத் தொட்டுட்டு! நான் பாத்தேன். இந்தக் கண்ணால பாத்தேன். அவனுவ தொடலன்னு சாதிக்கானுவ. போட்ட சுண்ணாம்புக் கோட்ட மழ கரைச்சிட்டு. என்ன செய்யதுக்கு?"

தொட்ட கையைப் பற்றி அவர் ஒரு காப்பி ஆறும்வரை பேசினார். நடு விரலா, மோதிர விரலா என்றுகூடச் சொன்னார். அந்தக் கை தொட்டதா தொடவில்லையா என்று ஒன்பது வருஷமாக இரண்டு ஊரும் பேருந்தில் அடித்துக்கொள்கின்றன, கல்யாண வீட்டுப் பந்தியில் அடித்துக்கொள்கின்றன. கேடயம் யாருக்கும் இல்லாமல் ஒரு ஓட்டல் அலமாரியில் கிடக்கிறது.

"அப்புறம் வேல்சாமி என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"அவன் எங்க சொல்ல? எல்லாரும் எந்திரிச்சுப் பாத்தா உசுரு இல்ல. மொகம் சகதிக்குள்ள கெடக்கு. பாவம், நல்ல பய. ஆனா கை டீச்சர், கை கோட்டு மேல—"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மனிதன் செத்துப்போயிருக்கிறான். அதை அவர் 'ஆனா'வுக்கு முன்னால் வைத்துக் கடந்துவிட்டார். கடைக்கு வந்திருந்த இன்னும் இரண்டு பேரும் தலையாட்டினார்கள், கை தொட்டது என்று.

4

எழுந்திருக்கப் போனவளை உட்காரச் சொல்லி, அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார்.

"இத எழுதிராதீங்க. உங்களுக்காகச் சொல்லுதேன். அவனப் போட்டு அமுக்கும்போது பாட்டு கொறஞ்சிட்டு. நடுவர் விசில எடுத்து வாயில வைக்கான். நான் கோட்டுக்கு இங்கன குத்தவச்சு இருக்கேன். வேல்சாமி மாதிரியே பாடி அவனக் கேலி பண்ணுதது எனக்கு எப்பவும் உள்ள பழக்கம். எடுத்தேன் பாருங்க பாட்ட! 'சடுகுடு சடுகுடு சடுகுடு...' அந்த அருவிச் சத்தத்துல, மழையில எவனுக்குத் தெரியும்? நடுவரு விசில எறக்கிட்டான்!"

செய்தும் காட்டினார். கட்டைக் குரல், கடைசியில் ஒரு இழுப்பு. நன்றாகத்தான் இருந்தது. நான் சிரித்தேன். கட்டுரைக்கு ஆகாது, கதைக்கு ஆகும் என்று மனதுக்குள் முடிந்துவைத்துக்கொண்டேன்.

5

இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் அல்லவா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போனேன்.

அன்று வேல்சாமியின் முதுகின்மேல் விழுந்து கிடந்தவர் சுடலைக்கண்ணு. அதற்குப் பிறகு ஆட்டத்தைத் தொடவில்லை. பேரருவிக்குப் போகும் வழியில் வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறார். நான் போனபோது நாலைந்து எண்ணெய்க்காரர்கள் ஆட்களைக் கூவி அழைத்துக்கொண்டிருந்தார்கள். இவர் கூவவில்லை. கேட்டால், பேர் தெரிந்தால் தென்காசிக்காரர்கள் பாதி எண்ணெயோடு எழுந்து போய்விடுகிறார்களாம்.

"கொலகாரக் கையின்னு சொல்லுதாவ. சொல்லட்டும். செஞ்சவன்தான நான்."

"ஆட்டத்துல நடந்தது அண்ணாச்சி. நீங்க வேணும்னா செஞ்சீங்க?"

"அது இல்ல டீச்சர்." எண்ணெய்ப் புட்டியை மூடி, மறுபடி திறந்தார். "பாட்டு நின்னா விட்ரணும். அதாம் மொற. நானும் ஒருநாளும் மீறினதில்ல. அன்னைக்கி எனக்குக் கீழ அவன் அசைவே இல்லாமக் கெடந்தான். எனக்குச் சந்தேகந்தான். விட்ருவமான்னு கைய எடுக்கப் போனேன். ஆனா பாட்டு கேக்குதுல்லா. கிண்ணுன்னு கேக்குது. பாடுதவன் உசுரோடதான இருப்பான்? ஏமாத்துதான்னு நெனச்சு இன்னும் அமுக்குனேன்."

இங்கே எழுதுகிறவள் பேனாவை வைத்துவிட்டாள். சும்மா ஜோடனைக்குச் சொல்லவில்லை. நயினார் கடையில் நான் சிரித்த சிரிப்பு என் காதிலேயே கேட்டது.

சுடலைக்கண்ணு என் முகத்தைப் பார்க்கவில்லை. அருவியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஒன்பது வருசமா இந்த ஒண்ணுதாம் எனக்குப் புரியல. நீங்க படிச்சவிய. சொல்லுங்க. பொணம் எப்படி டீச்சர் பாடும்?"

அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும், நல்ல முடிவாகவும் இருந்திருக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் தகரக் கொட்டகைக்கு ஓடினோம். அங்கேதான்—

6

அங்கேதான் மாடத்தி இருந்தாள். வேல்சாமியின் பெண்டாட்டி. சீசன் மாதங்களில் தென்காசியிலிருந்து முதல் பேருந்தில் வந்து மங்குஸ்தான் பழம் விற்கிறாள். அவளைக் கண்டதும் சுடலைக்கண்ணு மழையிலேயே திரும்பிப் போய்விட்டார். அவள் இருக்கும் பக்கம் அவர் நடப்பதே இல்லையாம்.

மலருக்கு எழுதுகிறேன் என்றதும் அவள் எனக்குப் பழம் உடைத்துக் கொடுத்தாள். காசு வாங்க மாட்டேன் என்றாள்.

"கை தொட்டுச்சா தொடலையான்னு எங்கிட்டயும் வந்து கேப்பாவ. நான் கையப் பாக்கல டீச்சர். பொம்பளைங்க நிக்க எடம் தூரத்துல. ஆனா பாட்டு கேட்டுச்சு. அவிய பாட்டு எனக்குத் தெரியாதா? கடைசியில ஒரு இழுப்பு இழுப்பாவ. அது வரைக்கும் கேட்டுச்சு. அத்தன பேரு மேல கெடந்தும் மூச்சு விடாம பாடிக்கிட்டே போயிருக்காவ. மூச்சு முட்டித் துடிச்சிருந்தா பாட முடியுமா? முடியாதுல்லா?"

"முடியாது," என்றேன். வேறென்ன சொல்ல?

"அதுதாம் எனக்கு ஆறுதல். ராத்திரி படுத்தா அந்தப் பாட்டக் கேட்டுக்கிட்டேதாம் கண்ண மூடுதேன். அத மட்டும் மலர்ல எழுதிருங்க. கையப் பத்தி அவனுவ எழுதிக்கிடட்டும்."

பழம் கையில் இருந்தது. சாப்பிட முடியவில்லை. அவள் ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டு தூங்குவது ஜவுளிக்கடை நயினாரின் குரலை.

7

ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டால் எழுத்தாளர் செய்யக்கூடியது, அவரைத் திரும்ப எழுதுவது. நயினாரைக் கொடியவராக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. வேல்சாமியின் பெண் கல்யாணத்துக்குச் சேலை எடுத்துக் கொடுத்தவர் அவர். ஒன்றும் தெரியாத வெகுளியாக எழுதிப் பார்த்தேன். தான் பாடியதால்தான் அவர்கள் பிடியை விடவில்லை என்பது ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூடவா ஒருவருக்குத் தோன்றாது? எழுதித் தீராது என்று நேரே கடைக்குப் போனேன்.

"வேல்சாமி பாட்டு நின்னது உங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"என்ன டீச்சர் கேக்கீய? நின்னதுனாலதான நான் எடுத்தேன்."

சுடலைக்கண்ணு சொன்னதை அப்படியே சொன்னேன். கையை எடுக்கப் போனார், பாட்டுக் கேட்டது, இன்னும் அமுக்கினார்.

அண்ணாச்சி ஒரு பாவாடைத் துணியை அளந்துகொண்டிருந்தார். அளந்து முடித்தார். பிறகு அதே துணியை முதலிலிருந்து மறுபடி அளந்தார். இதோ, மனிதர் உடையப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். என் பழைய கதைகளில் இந்த இடத்தில் உடைவார்கள்.

"அத எழுதாதீங்க," என்றார். "பாட்டு நின்னுட்டுன்னு எழுதுனா புள்ளி போயிரும் டீச்சர்."

அவர் உண்மையிலேயே புள்ளியைத்தான் நினைத்தாரா, புள்ளிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாரா, எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதவும் எனக்கு மனமில்லை.

8

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) சுடலைக்கண்ணுவிடம் உண்மையைச் சொல்கிறேன். அவர் அருவிக்கரையில் உட்கார்ந்து அழுகிறார். ஒன்பது வருஷப் பாரம் இறங்குகிறது. மறுநாள் காலை அவர் நேராக மாடத்தியிடம் போய்— [போகாமல் இருப்பாரா? நானாக இருந்தால் போவேன். கொலைகாரன் என்று பெயர் வாங்கியவன் போகத்தான் செய்வான். இந்த முடிவு (ஆ)வில் போய் விழுகிறது.]

(ஆ) மாடத்திக்குத் தெரிந்துவிடுகிறது. அன்று ராத்திரி அவள் படுக்கிறாள். பாட்டு— [என்னால் இதற்கு மேல் எழுத முடியவில்லை.]

(இ) "வேல்சாமி கடைசி மூச்சுவரை பாடியபடியே வீரமரணம் எய்தினார்." மலர் வெளியாகிறது. கைதட்டல். [சுடலைக்கண்ணு யாரையாவது பிடித்து இதை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். பிணம் பாடியதாக அச்சிலும் வந்துவிட்டது.]

கை கோட்டைத் தொட்டதா இல்லையா என்று நீங்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து ஜவுளிக்கடைக்குப் போங்கள். அங்கே உங்களுக்குக் காப்பி கிடைக்கும்.

9

இன்று காலை கட்டுரையை எழுதினவரைக்கும் எடுத்துக்கொண்டு குற்றாலம் வந்தேன். மாடத்தியிடம் வாசித்துக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

தகரக் கொட்டகையில் உட்கார்ந்து தாளைப் பிரித்தேன். சாரல் வலுத்து, பெருமழையாக இறங்கியது. வழியில் நின்றவர்கள் எல்லாரும் உள்ளே வந்து நெருக்கினார்கள். கடைசியாக, ஒதுங்க வேறு இடமில்லாமல், சுடலைக்கண்ணுவும் வந்தார். ஓரத்துத் தூணோடு ஒட்டி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கையில் எண்ணெய்ப் புட்டி.

மாடத்தி அவரைப் பார்த்தாள். கூடையை மெல்ல நகர்த்தி அவர் நனையாமல் நிற்க இடம் விட்டாள். எனக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. இந்த ஊரில் எதற்கும் இனிமேல் அதிரமாட்டேன் என்று நினைத்திருந்தேன்.

"அவரும் கேக்கட்டும்," என்றாள். "சத்தமா வாசிங்க டீச்சர்."

சுடலைக்கண்ணு திரும்பவில்லை. ஆனால் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காது கொடுக்கிறார்.

வாசித்தேன். கழகம் தொடங்கியது, துரை கொடுத்த கேடயம், அம்பத்தெட்டு ஆடி, மழை, பாடிப் போனது, தொட்டது, திரும்பியது, ஆறு பேர் விழுந்தது. எல்லாம் வாசித்தேன். "வேல்சாமியின் பாட்டு" என்ற இடத்துக்கு வந்தேன். அதற்குப் பிறகு தாளில் ஒரு வரி அளவுக்கு வெறுமை விட்டிருந்தேன், நின்றதா நிற்கவில்லையா என்பது வரும்போது தோன்றிவிடும் என்று.

தோன்றவில்லை. என் பாட்டு நின்றுவிட்டது.

நான் நின்றால் இன்னொருவர் எடுக்க வேண்டியதாகிறது. அது எப்படிப்பட்ட வேலை என்று இவ்வளவு நேரம் உங்களுக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இருந்தாலும் வேறு வழியில்லை, தாளை உங்கள் கையில் தருகிறேன். அவள் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். "வேல்சாமியின் பாட்டு" வரைக்கும் வாசித்தாகிவிட்டது. அடுத்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்லுங்கள். அருவி இரைச்சலில் இரண்டு பேருக்கும் கேட்க வேண்டும்.