லிஃப்ட்காரியின் குரல்

எனக்கு ஒரு சக்களத்தி உண்டு. புருஷன் விஷயத்தில் இல்லை, பிள்ளை விஷயத்தில். எங்கள் குடியிருப்பின் லிஃப்டுக்குள் இருந்தாள். "கதவு மூடுகிறது", "மூன்றாம் தளம்" என்று தேன் தடவிய குரலில் சொல்வாளே, அவள்தான். லிஃப்ட்காரி என்று நான் பெயர் வைத்திருந்தேன்.

என் மகன் பேசியதெல்லாம் அவள் பேச்சு. அவனுக்கு ஆட்டிசம். வீட்டில் துரை என்போம். யார் கூப்பிட்டாலும் துரை திரும்பிப் பார்க்க மாட்டார். பசித்தால் "கதவு திறக்கிறது." தூக்கம் வந்தால் "கதவு மூடுகிறது." கோபம் வந்தால் "அதிக எடை, அதிக எடை" என்று கத்துவான். அச்சு அசலாக அவள் இழுப்பு. அம்மா என்ற சொல் அவளிடம் இல்லை, அதனால் அவனிடமும் இல்லை.

அந்த ஒரு சொல்லுக்கு நான் பட்ட பாடு கொஞ்சமா? வருஷக்கணக்கில் ஊசி குத்திக் குத்தி அடிவயிறு கன்றிப்போனது. கருவை உள்ளே வைத்துவிட்டு அனுப்பினால், தும்மக்கூடப் பயந்து கிடப்பேன். ரத்தப் பரிசோதனை முடிந்ததும் கிளினிக் நர்ஸ் போன் செய்வாள். "இந்தத் தடவையும் இல்லைங்க." கடைசியில் தங்கியவன் துரை. பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். என்னை அம்மா என்று கூப்பிட உலகத்தில் இருப்பது ஒரே வாய்.

"ஊசி போட்டுப் பெத்தா இப்படித்தான் இருக்கும்" என்றாள் நாத்தனார். இரண்டுக்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். நாத்தனார் வாய்க்கு டாக்டரா பூட்டுப் போட முடியும்?

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்து லிஃப்டையும் அவர்தான் பார்க்கிறார். ஒருநாள் அவரிடம் வெடித்தேன்.

"பெத்தது நான், பேச்சு அவளோடதா?"

"அவ்வளவுதானே? அவ இடத்துல உன்னைப் போட்டுடறேன்."

"விளையாடாதீங்க."

"நிஜமாத்தான் சொல்றேன். குரலெல்லாம் ஒரு சின்ன கார்டுல இருக்கு. நீ பேசிக் கொடு. ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி அம்மான்னு சேர்த்துக்கோ. அவன் கப்புனு பிடிச்சுப்பான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளிச்சத்தம் விழாமலிருக்கத் துணி பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினேன். "அம்மா. மூன்றாம் தளம்." சிரிப்பு வந்து திரும்பத் திரும்பப் பேச வேண்டியிருந்தது. பதிவு முடிந்ததும் அவர் என் கன்னத்தைத் தட்டினார். நாங்கள் அப்படிச் சிரித்து வெகுகாலமாகியிருந்தது.

மறுநாள் துரையைக் கூட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறினோம்.

"அம்மா. கதவு மூடுகிறது."

துரை நிமிர்ந்து பார்த்தான். ஸ்பீக்கர் ஓட்டைகளில் விரலை நுழைத்து நோண்டினான். உள்ளே இருந்தவளைத் தேடுகிறான் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டாம் தளத்தில் மறுபடி என் குரல் வந்ததும் அலற ஆரம்பித்தான். அதில் ஒரு சொல்கூட இல்லை. நின்றபடியே சிறுநீர் கழித்தான்.

"பழசையே போடுங்க" என்றேன்.

அவர் முகம் செத்துப்போயிருந்தது. "அதுக்கு மேலேயே பதிஞ்சுட்டேன்."

"ஒரு காப்பி எடுத்து வைக்கலியா?"

"இனிமே அவ எதுக்குன்னு நினைச்சேன்."

நாய் மாதிரி அலைந்தார். அந்தக் குரல் எந்தக் கம்பெனியிலும் இல்லை. வேறு வேறு பெண்களின் குரல்களைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தார். துரை ஒவ்வொருத்திக்கும் காதைப் பொத்திக்கொண்டான். கடைசியில் குரலையே அணைத்துவிட்டார்.

அன்றிலிருந்து துரை பேசுவதில்லை. பசித்தால் மணிக்கட்டைக் கடித்துக்கொள்கிறான்.

போன வாரம் வெட்கத்தை விட்டு நானே அவள் மாதிரி பேசிப் பார்த்தேன். அதே தேன், அதே இழுப்பு. "கதவு திறக்கிறது." துரை கிட்டே வந்தான். தன் சின்னக் கையால் என் வாயைப் பொத்தினான். அவனாக என்னைத் தொடுவதே அபூர்வம்.

பிறகு வெளியே போய் லிஃப்ட் கதவில் காதை வைத்து நின்றான். தினமும் அப்படி நிற்கிறான். அவள் வருவாள் என்று நினைக்கிறான். காத்திருப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு, இல்லைங்க என்று சொல்லவாவது ஒரு நர்ஸ் இருந்தாள். அவனுக்கு அதை எப்படிச் சொல்வது? அவனுக்குப் புரியும் பாஷை அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.