வலது பக்கத்துப் புகார்

டோக்கியோவின் மின்பொருள் கடைத்தெருவான அகிஹபராவில், ஹெட்போன் கடையொன்றின் மூன்றாவது மாடிக்கு ஹொசுமி ஏறி வந்தாலே விற்பனைப் பெண் மினாசே பொருள் திருப்பும் படிவத்தை எடுத்து வைத்துவிடுவாள். ஹெட்போன் வாங்க வருகிறவர் மாதிரியா வருவார்? களவு போன பொருளைத் தேடி வருகிறவர் மாதிரி வருவார். சொந்த பிளேயர், சொந்த கேபிள், காதுமெத்தையைத் துடைக்கச் சொந்தத் துணி. கடை பிளேயரில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்திருப்பார்கள், சத்தம் கூடினால் எந்த டப்பாவும் இனிக்கும், அதற்கு ஏமாற வேறு ஆளைப் பாருங்கள் என்பது அவர் கட்சி.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். அவரிடம் ஒரு பெண்குரல் பாட்டு இருந்தது. அந்தக் குரல் நெற்றிக்கு நேரே, மூச்சு வாங்குவது தெரிகிற அளவுக்கு அருகில் நிற்க வேண்டும். அதிர்கிற தாளம் வேண்டாம், காது கூசவும் கூடாது. ஒரு காலத்தில் அப்படி நின்ற குரல்தான். இப்போதோ எதை மாட்டினாலும் இடப்பக்கம் ஒதுங்கியது. வலப்பக்கம் செத்த சரக்கு என்று வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுத்தார். பழசைப் புதுப்பெட்டியில் போட்டுத் தலையில் கட்டுகிறார்கள் என்று இணையத்தில் எழுதியும் வைத்தார். பாவம், வேலை முடிந்து வீடு திரும்பினால் அவருக்கென்று காத்திருந்தது அந்தக் குரல் ஒன்றுதான்.

அந்தச் சனிக்கிழமை பழைய நண்பர் உகாயும் உடன் வந்திருந்தார். கடையின் ஹெட்போன் ஒன்றைத் தன் பிளேயரில் செருகி நீட்டி, இதிலேயே கேள் என்றார். உன் பிளேயர் எதற்கு, என்னுடையதற்கு என்ன கேடு என்று ஹொசுமிக்கு உடனே உறுத்தியது. கமிஷன் கிமிஷன் வாங்கியிருப்பானோ? மாட்டினார்.

குரல் நட்டநடுவில் வந்து நின்றது. கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. அடுத்த நொடியே சந்தேகம் திரும்பி வந்தது. உகாய் கைநீட்டித் தடுப்பதற்குள் பிளேயரைப் பிடுங்கித் துழாவினார். இடக்காதுக்கும் வலக்காதுக்கும் சத்தத்தைப் பங்கிடும் கோடு, வலக்காதுக்கு அதிகம் போகும்படி வலப்பக்கம் நன்றாகத் தள்ளப்பட்டிருந்தது.

"என்னையே ஏமாத்துறியா?"

உகாய் கோபப்படவில்லை. "ஏமாத்தலப்பா. இதை உன் பிளேயர்ல போட்டு, இடது வலது மாத்தி மாட்டு. சரக்குல கோளாறுன்னா குரல் வலப்பக்கம் போயிடும். ஊருக்கெல்லாம் சொல்வியே, நீ ஒரு நாளாவது மாத்தி மாட்டிப் பாத்தியா?"

மினாசே தலை குனிந்துகொண்டே, "நீங்க திருப்பிக் குடுத்ததை எல்லாம் நாங்க மாத்தி மாட்டிப் பாத்தோங்க. எதுலயும் குறை இல்ல" என்றாள்.

இந்த ஹெட்போன் பைத்தியம் பிடித்தவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற சோதனை அது. புதிதாக வந்து புலம்புகிறவர்களிடம் ஹொசுமியே அதைச் செய்யச் சொல்லி அதட்டியிருக்கிறார். தன் தலையில் மட்டும் செய்து பார்த்ததில்லை. ஏன் செய்யவில்லை என்று இப்போது யோசிக்கவே பயமாக இருந்தது.

தன் பிளேயரில் செருகி, மாற்றி மாட்டினார். குரல் அசையவில்லை. அதே இடப்பக்கம்.

கழற்றி, இட வல எழுத்துகளை யாராவது மாற்றி ஒட்டியிருக்கிறார்களா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எழுத்து ஒட்டியதல்ல, அச்சில் பதித்தது. சந்தேகப்பட இனி யாருமில்லை.

"எப்பலேருந்து உனக்குத் தெரியும்?"

"உன் இடது காது என் பக்கம் இருக்கட்டும்னு நீ தெருவுல எப்பவும் எனக்கு வலப்பக்கமா நடக்க ஆரம்பிச்சதுலேருந்து. உனக்குந்தான் தெரியும். திங்கக்கிழமை காது டாக்டர்கிட்ட போவோம், நானும் வரேன்."

ஹொசுமி அந்த ஹெட்போனின் காதுமெத்தையைத் தன் துணியால் துடைத்தார். பிறகு தன் பிளேயரை நண்பரிடம் நீட்டி, அந்தக் கோட்டை எவ்வளவு தள்ளி வைத்தாயோ அவ்வளவே இதிலும் தள்ளு என்றார். குரல் மெல்ல நடுவுக்கு வந்தது. அந்த ஹெட்போனையே கட்டித் தரச் சொன்னார். வழக்கம்போல் பெட்டியைப் பிரித்துக் காட்டட்டுமா என்று மினாசே கேட்டதற்கு வேண்டாம் என்று தலையசைத்தார்.

தெருவில் இறங்கியதும் உகாய் அவருக்கு இடப்பக்கம் வந்து நடந்தார். இந்த முறை ஹொசுமி அதற்காக இடம் மாறத் தேவையிருக்கவில்லை.