நாற்பதாவது வீட்டுத் தொலைபேசி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று நீங்கள் பெருந்தன்மையாகச் சொல்லக்கூடும். சொல்லாதீர்கள். எழுத்தாளர்கள் மேடையில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பொய் வேறு. கண் ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு பெண் என்னிடம் ஒன்று கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். தெரிந்த மாதிரி சொன்னேன்.

இதற்கு முன் மூன்று தொடக்கங்கள் எழுதி அடித்துவிட்டேன். ஒன்றை மட்டும் காட்டுகிறேன்:

"மழை தூறிக்கொண்டிருந்த அந்த மாலையில், மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில் அவள்

[இங்கேயே நிறுத்திவிட்டேன். அன்று மழை இல்லை. அவர் மருத்துவமனையில் இல்லை, வீட்டில் படுத்திருந்தார். மாலையும் இல்லை, மதியம் ஒன்றரை. 'அவள்' என்று எழுதவும் எனக்கு உரிமையில்லை; என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒரே வரியில் நாலு பொய். கை பழகிவிட்டது.]

2

எங்கள் குழுவில் ஒன்பது பேர். போனில் இருக்கும் குழுதான். ஞாயிறுதோறும் காலையில் ஒரு கேள்வி வரும்: "இப்ப என்ன விளையாடறீங்க?" அவரவர் விளையாடும் வீடியோ கேம் பற்றி நாலு வரி எழுத வேண்டும். எதுவரை வந்தது, எங்கே மாட்டிக்கொண்டது, மனசுக்கு என்ன பட்டது. டிரைவர் ஒருவர் இருக்கிறார். பகல் முழுக்கப் பஸ்ஸை நெரிசலில் ஊர்ந்து ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கார் பந்தயம் விளையாடுவார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் கட்டை அடுக்கும் விளையாட்டைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். அதைப் பற்றியே நாலு வருடமாக எழுதுகிறார். இன்னும் அலுக்கவில்லை, அவருக்கு.

நான் சலவை இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுகிறவன். "சுழற்சி முழுவதும் நின்ற பிறகே மூடியைத் திறக்கவும்" என்பது என் வாக்கியம். இரண்டு சிறுகதைத் தொகுப்புகளும் போட்டிருக்கிறேன். குழுவில் ஒருவரும் ஒரு பக்கம்கூட வாசித்ததில்லை. ஆனாலும் 'எழுத்தாளர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

குழுவுக்கு ஒரே விதி. முடிவைச் சொல்லக் கூடாது. சொன்னவரை ஒரு மாதம் வெளியே தள்ளிவிடுவார்கள். டிரைவர் ஒருமுறை அப்படி வெளியே போய், நாலு ஞாயிறும் எனக்குப் போன் போட்டுப் புலம்பினார்.

அப்புறம் லேப் அக்கா. ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்து நாலு வருடம் வேலை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து அணுக்களை எண்ணுகிறவர். விளையாட்டைப் பற்றியும் ரிப்போர்ட் மாதிரியேதான் எழுதுவார்:

"வீடு 14. மூன்று அறை பார்த்தேன். மாடி பார்க்கவில்லை, படி உடைந்திருக்கிறது. குழாய் மூடினேன். சோகமான இசை வருகிறது. எனக்கு அது தேவைப்படவில்லை."

நாங்கள் சிரிப்போம். ஆனால் மற்ற எட்டுப் பேரில் யார் எழுதுவதையாவது நம்பி ஒரு விளையாட்டை நான் தொடங்கினேன் என்றால் அது அவரை நம்பித்தான்.

3

அப்படி அக்காவை நம்பி நான் தொடங்கிய, குழுவில் பெரும்பாலோர் அப்போது விளையாடிய அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் முடியாது. [கவலைப்படாதீர்கள், சுருக்கமாகத்தான். விளையாடாதவர்களிடம் விளையாட்டைப் பற்றிப் பேசுவது, கண்ட கனவைச் சொல்கிற மாதிரி. கேட்பவர் மணி பார்க்க ஆரம்பித்துவிடுவார்.]

ஓர் ஊர். அணை கட்டி முடித்தாயிற்று, ஊர் தண்ணீருக்குள் போகப்போகிறது. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நீங்கள் நீர்வாரியத்தின் கடைநிலை ஊழியர். நாற்பது வீடுகளுக்குள் போய், யாரும் இல்லை என்று பார்த்து, குழாயை மூடி, கதவில் சாக்கட்டியால் 'ஆளில்லை' என்று எழுத வேண்டும். அவ்வளவுதான். சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் விட்டுப்போன சாமான்கள் கொஞ்சம் பேசும்.

இருபத்தாறாவது வீட்டில் ஒரு நிலவறை. தண்ணீர் நிறைந்திருக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் வால்வை மூட வேண்டும். நான் பதினேழு தடவை மூழ்கிச் செத்தேன். பதினெட்டாவது தடவை கன்ட்ரோலரைச் சோபாவில் எறிந்துவிட்டு விளையாட்டையே அழித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு கணக்கு டீச்சரைத் தவிர எல்லோரும் முப்பது, முப்பத்தைந்து என்று எழுதினார்கள். டிரைவர் முடித்தேவிட்டார். 'எழுத்தாளர்' இருபத்தாறில் மூழ்கிச் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதுவதா? "கனமாக இருக்கிறது" என்று எழுதினேன். அதற்கடுத்த வாரம், "வீடுகள் குறையக் குறைய மௌனம் கூடுகிறது." அதற்கும் அடுத்த வாரம், "முடித்துவிட்டேன். மூன்று நாளாக யாரிடமும் பேசத் தோன்றவில்லை."

ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. முடிவைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்பதுதான் விதியாயிற்றே. அந்த விதிக்குப் பின்னால் ஒரு ஆளே ஒளிந்துகொள்ளலாம்.

4

அக்காவுக்கு இடது கண் இரண்டு வருடம் முன்பே போய்விட்டது. ஒற்றைக் கண்ணோடுதான் வேலைக்குப் போனார், விளையாடினார். வலது கண்ணிலும் விழித்திரை விலக ஆரம்பித்தபோது முப்பத்தோராவது வீட்டில் இருந்தார். ஆபரேஷன் வரை எதையும் பார்க்கக் கூடாது, அசையாமல் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம் எனக்குப் போன் செய்தார். அலுவலக மாடிப்படியில் நின்று பேசினேன்.

"பாதிக்குப் பாதின்னு சொல்றாங்க" என்றார். "தெரியலாம், தெரியாமலும் போகலாம். அதனால உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். விதியை மீறறதுதான். நாப்பதாவது வீட்ல என்ன?"

"டிரைவர்கிட்ட கேட்டிருக்கலாமே அக்கா."

"அவர் பஸ் ஸ்டாப் பேர் சொல்ற மாதிரி சொல்லிடுவார். நீங்க எழுதறவர். ஒழுங்கா சொல்வீங்க."

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் என்ன சொல்லியிருப்பான் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 

[இந்த இடத்தை ஆறு தடவை மாற்றி எழுதினேன். ஒன்றில் நான் அழுகிறேன். ஒன்றில் லைன் கட்டாகிறது. ஒன்றில் அவர் கெஞ்சுகிறார், நான் வேறு வழியில்லாமல் சொல்கிறேன். ஆறும் என்னைக் காப்பாற்றப் பார்க்கின்றன. நடந்தது கீழே இருக்கிறது.]

தயங்கவே இல்லை. சரளமாக வந்தது. "நாப்பதாவது வீட்ல ஒரு ஆள் இருக்காங்க அக்கா. வயசானவங்க. எழுந்திருக்க முடியாது. தண்ணி திறக்க இன்னும் கால் மணி நேரம்தான். அந்த வீட்ல ஒரு போன் இருக்கு. நம்ம ஆள் அதை எடுத்து அணைக்குப் பேசறான். 'ஒருத்தர் இருக்காங்க, நிறுத்துங்க'ன்னு. அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம், 'சரி, நிறுத்திட்டோம்'னு சொல்றாங்க. தண்ணி வரல."



"ஒருத்தருக்காகவா?"

"ஒருத்தருக்காகத்தான்."

"சரி" என்றார். "அது போதும்."

நான் எழுதியதிலேயே நல்ல கதை அதுதான். வெட்கத்தோடு சொல்கிறேன், போனை வைத்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

5

ஆபரேஷன் பலிக்கவில்லை. வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும். அவ்வளவுதான். வேலையை விட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு, குழுவில் அவர் குரல் வந்தது. எழுத்து போய் இப்போது குரல் செய்தி. "இப்ப என்ன விளையாடறேன்னா, அதே கேம்தான். மறுபடி முதல்லேர்ந்து. இவர் விளையாடறார், நான் சொல்றேன். முதல் வீட்டு வாசல்ல அஞ்சு நிமிஷம் சுவத்துல முட்டிக்கிட்டு நின்னார்."

இவர் என்றால் அவருடைய கணவர். வெல்டிங் வேலை. அக்கா என்று நீ கூப்பிட்டால் நான் மாமாதானே என்று அவரே முறையை முடிவு செய்துகொண்டவர். அதுவரை கன்ட்ரோலரைத் தொட்டதே இல்லை. பார்ப்பதை அவர் வாயால் சொல்ல வேண்டும், அக்கா கேட்க வேண்டும். அவர் கண்ணுக்கு இரும்பு மட்டும்தான் தெரிந்தது. "இரும்பு கேட்டு ஒண்ணு இருக்கு. கீல் சரியில்ல. எவனோ பத்த வெக்கத் தெரியாதவன் வெச்சிருக்கான்." பின்னாலிருந்து அக்கா, "கீலை விடுங்க, கட்டிலுக்கு அடியில பாருங்க" என்பது கேட்கும். குழுவே அந்தக் குரல் செய்திக்காகக் காத்திருக்க ஆரம்பித்தது. கணக்கு டீச்சர் அதைக் கேட்டுவிட்டு, கட்டை அடுக்குவதைப் பற்றி எழுதவே மறந்துபோனார்.

[மாமாவைப் பற்றி எனக்கே சந்தேகம். கதைக்கு இவ்வளவு நல்லவர் ஆகாது. வாசகர் நம்பமாட்டார் என்று அவருக்குக் கொஞ்சம் கோபம், கொஞ்சம் குடி எல்லாம் சேர்த்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவர் அப்படித்தான் இருக்கிறார். நான் என்ன செய்ய.]

இருபத்தாறாவது வீட்டில் மாமா மூழ்கினார். இருபது தடவை. முப்பது தடவை. "நாப்பத்தொண்ணாவது தடவை வால்வு மூடிட்டேன்" என்று குழுவில் வெளிப்படையாகச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் ஒரு கைதட்டல் படம் அனுப்பினேன்.

6

சென்ற மாதம் சாப்பாட்டு வேளையில் மாமா போன் செய்தார்.

"முப்பத்திரண்டு முடிஞ்சிருச்சு. ஒரு சந்தேகம். நாப்பதாவது வீட்ல அந்த போன் எந்த ரூம்ல இருக்கு?"

"அக்கா சொன்னாங்களா?"

"கட்டு பிரிச்ச அன்னைக்கு டாக்டர் விஷயத்தைச் சொல்லிட்டுப் போனார். இவ அழல. 'ஒருத்தருக்காக நிறுத்துவாங்க'ன்னா. எனக்கு ஒண்ணும் புரியல. மாத்திரை மயக்கம்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் முழுசா சொன்னா. அந்த போனை ஒருதடவை அவ காதால கேக்கணும்னா. நான் வேற எதுக்கு இந்தக் கருமத்தைக் கத்துக்கிட்டேன்? அங்க போய்த் தேடிக்கிட்டு நிக்கக் கூடாது பாருங்க, கால் மணி நேரம்தானே. அதான் கேக்கறேன். எந்த ரூம்?"

இப்போதாவது.

"ஹால்ல மாமா" என்றேன். "ஜன்னலை ஒட்டி. சின்ன மேஜை மேல."

முதல் பொய்க்காவது கருணை என்று பேர் வைக்கலாம். இதற்கு என்ன பேர் வைப்பீர்கள்? மேஜைகூட வைத்தேன், பாருங்கள். சின்ன மேஜை.

அன்றே விளையாட்டை மறுபடி ஏற்றினேன். விட்டதிலிருந்து தொடர வழியில்லை. முதல் வீட்டிலிருந்து நடந்தேன். நிலவறையில் இருபத்தொன்பது தடவை செத்தேன். போன சனிக்கிழமை காலை நாற்பதாவது வீட்டுக் கதவைத் திறந்தேன். எல்லா அறையும் பார்த்தேன். கட்டிலுக்கு அடியிலும் பார்த்தேன்.

7

கதையை எப்படி முடிப்பது என்று யோசித்தேன். தொழில் புத்தி.

(அ) முப்பத்தொன்பதாவது வீட்டில் கன்ட்ரோலர் உடைந்துபோகிறது. [பழுது பார்ப்பது மாமாவின் தொழில்.]

(ஆ) மாமாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர், இல்லாத போனை இருப்பதாகச் சொல்லி அக்காவை நம்பவைக்கிறார். படிக்க நெகிழ்ச்சியாக இருக்கும். பத்திரிகைகள் போட்டுவிடும். ஆனால் அதற்கு என்ன அர்த்தம்? கண் இல்லாதவரின் வீட்டில், அவருக்குக் கண்ணாக இருக்கும் ஒரே ஆளையும் பொய் சொல்லப் பழக்குவது. இந்த முடிவை இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துப் போட்டேன்.

(இ) அக்காவுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும், சிரித்துக்கொண்டே மன்னித்துவிடுகிறார். இது நான் ஆசைப்படும் முடிவு. அதனாலேயே என்னால்

[விட்டுவிட்டேன்.]

8

வாசகரே, உங்களோடு பேசுவது இங்கே முடிகிறது. இதற்குப் பிறகு வருவது உங்களுக்கு எழுதியது இல்லை. நீங்கள் இருக்கலாம், குறுக்கே பேசாமல்.

அக்கா, இதை எழுதும்போது புதன்கிழமை. வாசிக்கும்போது ஞாயிறு காலையாக இருக்கும். உங்கள் கூடத்தில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து இதுவரை உரக்க வாசித்திருப்பேன். குழுவில் அனுப்பியிருந்தால் மாமா வாசித்துக் காட்ட வேண்டியிருந்திருக்கும். அந்தச் சுமையை அவர் தலையில் வைக்கக் கூடாது என்று பஸ் ஏறி வந்தேன். எட்டாவது பகுதி வருவதற்குள் நீங்கள் நிறுத்தச் சொல்லியிருந்தால் இந்த வரிகள் உங்கள் காதுக்கே வந்திருக்காது.

நாற்பதாவது வீட்டில் தொலைபேசி இல்லை. ஹாலிலும் இல்லை, எந்த அறையிலும் இல்லை. நீங்கள் கேட்ட அன்று நான் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. ஆபரேஷனுக்குப் போகிறவருக்கு ஆறுதலாகத்தானே சொன்னோம் என்று இத்தனை மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதி, எனக்குத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டேன். அந்தக் கூச்சத்தை நீங்கள் கையில் பிடித்துக்கொண்டு அந்த நாளைக் கடந்திருக்கிறீர்கள். மாமா அதற்காக விரல் நோக விளையாடக் கற்றுக்கொண்டார். உங்களிடமிருந்து அதைப் பறிக்கிறேன் என்று தெரிந்துதான் இதை வாசிக்கிறேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை.

அந்த வீட்டில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது இப்போது எனக்குத் தெரியும். அங்கே ஆள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, எல்லாம் தெரியும். வாசகருக்கு அதைச் சொல்லப்போவதில்லை. உங்களுக்குச் சொல்லட்டுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மாமா முப்பத்தொன்பது வீட்டுக் கதவிலும் எழுதிவிட்டார். இன்னும் ஒரு கதவுதான். அதை இன்று திறக்க வேண்டாம் என்றால் வேண்டாம். நான் கிளம்பிப் போன பிறகு நீங்கள் இருவர் மட்டும் திறக்க வேண்டும் என்றால், இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு இப்போதே எழுந்துவிடுகிறேன். இனி என்னோடு பேச்சே வேண்டாம் என்றாலும் அது நியாயம்தான்.

இதற்குக் கீழே நான் ஒன்றும் எழுதி எடுத்து வரவில்லை.

சொல்லுங்கள், அக்கா.