தொண்ணூற்றைந்தும் நூற்றுப்பத்தும்

விழுப்புரம் ஜிம்மில், தரையிலிருந்து எடை தூக்கும் டெட்லிஃப்டில் என் கணக்கு தொண்ணூற்றைந்து கிலோ. திண்டிவனத்துப் பானுப்ரியாவுக்கு நூற்றுப்பத்து. இதை மாவட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்து மாதமாக முட்டையும் அவித்த மல்லாட்டைக் கடலையும் தின்று, மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்ற காலோடு போய்த் தூக்கியவள் நான். எங்கள் எடைப் பிரிவில் மாவட்ட அணிக்கு ஒருத்திதான் போக முடியும். தோற்று அசிங்கப்படுவானேன் என்று, 'பானுப்ரியாவே போகட்டும்' எனக் குரூப்பில் போட்டுவிட்டேன். ஆளாளுக்குக் கைதட்டும் படம் அனுப்பினார்கள். தோற்றவளுக்கு எதற்குக் கைதட்டு என்று எனக்குப் புரியவில்லை.

மனசு கேட்கவில்லை. அப்படி என்னதான் தூக்குகிறாள், பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

பழைய ரைஸ்மில் கொட்டகைதான் அவர்கள் ஜிம். நான் சங்கவி என்றதும் பானுப்ரியா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ராடின் இரண்டு பக்கமும் நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து கிலோ மாட்டினாள். முட்டி நடுங்கத் தூக்கி இறக்கினாள். கரும்பலகையில் நூற்றுப்பத்து என்று எழுதினாள்.

தட்டுகளை மறுபடி எண்ணினேன். தொண்ணூறுதான்.

"இன்னா கணக்கு இது?"

"ராடு இருபது கிலோக்கா. அதையும் சேத்துதான்."

எங்கள் துரைக்கண்ணு மாஸ்டர் ராடைச் சேர்க்கவே மாட்டார். ராடு ஜிம்முடையது, மாட்டுகிற தட்டுதான் உன்னுடையது என்பார். வேதவாக்காக எடுத்துக்கொண்டு நானும் அப்படியே எழுதிவந்தேன். அப்படியானால் என்னுடையது நூற்றுப்பதினைந்து. மாஸ்டர் மேல் வந்த ஆத்திரத்தைவிட என் மேல் வந்ததுதான் அதிகம்.

பானுப்ரியா அதைக் கவனிக்கவில்லை. "எங்க அண்ணன் உங்க ஜிம்லதான் பண்ணிக்கினு இருந்தாரு. அங்க ராடைச் சேக்கமாட்டாங்கன்னு சொல்லியிருக்காரு. நீங்க அஞ்சு கிலோ மேலன்னு எனக்கு முன்னியே தெரியும். அப்படியிருந்தும் விட்டுக்குடுத்தீங்கன்னு எங்கம்மா மயிலம் கோயில்ல உங்க பேர்ல அர்ச்சனை பண்ணிட்டு வந்தாங்கக்கா."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் ராடிலிருந்து தட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தேன். அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"நாளைக்குத்தான் பேரு அனுப்புறாங்க. ஆசை இருந்தா சொல்லுங்க, நான் வெலகிக்கிறேன்" என்றாள், தரையைப் பார்த்தபடி.

ஆசை இருந்தது. தொண்டை வரைக்கும் இருந்தது.

"இல்ல. நீயே போ" என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் அதையே போட்டுக் குழப்பிக்கொண்டு வந்தேன். இரக்கப்பட்டுச் சொன்னேனா? வந்த நல்ல பெயர் போய்விடுமே என்று சொன்னேனா? இல்லை, பத்துப் பேர் பார்க்க மேடையேறப் பயந்தேனா? அன்றைக்கு அவளுக்கு விட்டுக்கொடுத்தது கணக்குத் தெரியாமல். இன்றைக்கு விட்டுக்கொடுத்தது தெரிந்தே. இரண்டுமே எனக்கு ஒரே மாதிரிதான் வலித்தது. 'எனக்கும் போக ஆசைதான்' என்று போனில் அவளுக்கு எழுதினேன், அழித்தேன். விக்கிரவாண்டி தாண்டியதும் மறுபடி எழுதினேன். விழுப்புரத்தில் இறங்கும்போதும் அதை அனுப்பியிருக்கவில்லை.