நாற்பத்தோராவது தோட்டம்

தக்காளி போடுகிறவர்கள் அவளைப் 'பூச்சி மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பருவத்துக்குப் பருவம் எதை எப்போது நடலாம், எந்தப் பூச்சிக்கு எதை அடிக்கலாம் என்று ஒரு தாள் தயாரித்து, நாற்பத்தொரு தோட்டங்களுக்கும் அனுப்புவது வேளாண் அலுவலகத்தில் அவள் வேலை.

இந்த முறை தாளில் ஒரே விஷயம்தான் இருந்தது. இலைச்சுருட்டு நோய் இரண்டு பருவமாகப் பாதி விளைச்சலைத் தின்றுவிட்டது. வெள்ளை ஈ நோய்ச்செடியில் உறிஞ்சி, நல்ல செடியில் போய்க் கடிக்கும். மருந்துக்கெல்லாம் அது மசியவில்லை. எனவே எல்லோரும் ஒரே வாரத்தில் பழைய செடிகளைப் பிடுங்கிப் புதைத்துவிட்டு, ஒரு மாதம் தக்காளிச் செடியே இல்லாமல் நிலத்தைச் சும்மா போட வேண்டும். அதன்பிறகு புது நாற்று நடலாம்.

முதலில் பிடுங்கியவள் அவளுடைய அக்காதான். செடியில் இன்னும் ஒரு பறிப்புக்குக் காய் இருந்தது. "தங்கச்சி சொல்லி நானே கேக்கலேன்னா வேற யாரு கேப்பாங்க?" என்று பிடுங்கிப் போட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பிடுங்க, அவளோடு சேர்த்து நாற்பது தோட்டம் ஆயிற்று.

மிச்சமிருந்தவர் சித்தப்பா. சித்திக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்ததால் அவருடைய நடவு இரண்டு மாதம் தள்ளிப்போயிருந்தது. மற்றவர்களின் செடி ஓய்ந்த நேரத்தில் அவருடையது முதல் காய்க்கு வந்திருந்தது.

அவள் போனபோது சித்தி கொட்டகையில் நாற்காலியில் உட்கார்ந்து, நடைத்தாங்கியைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, பெட்டிக்குப் பழம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா பூச்சி," என்றார் சித்தப்பா. "என் மேலயும் மருந்தடிக்க வந்தியா?"

"நாப்பது பேரு பிடுங்கிட்டாங்க சித்தப்பா."

"அது காய்ச்சு ஓஞ்ச செடி. விட்டாலும் தானா சாஞ்சிரும். என்னுது இப்பத்தான் கண்ணு திறந்திருக்கு."

"ஓரத்துல நாலு வரிசை சுருண்டிருக்கு."

"அத வேணா எடுத்துடறேன்."

"மத்த செடிக்குள்ளயும் இருக்கும்."

"இருக்கும்னு சொல்றே. இருக்குன்னு காட்டு."

காட்ட முடியாது. இலையை ஆய்வுக்கு அனுப்பினால் முடிவு வர மூன்று வாரம் ஆகும்.

"ஒண்ணு மட்டும் சொல்லு," என்றார். "இது உத்தரவா, யோசனையா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வாய் வரவில்லை. "யோசனைதான்."

"அப்ப நானும் யோசிக்கிறேன்."

சித்தி கையிலிருந்த பழத்தைப் பெட்டியில் வைக்காமலே, "நான் படுத்ததாலதானே எல்லாம். என்னைத்தான் பிடுங்கிப் போடணும்," என்றாள். அதற்குமேல் பூச்சி மேடத்தால் அங்கே நிற்க முடியவில்லை.

மேலதிகாரியிடம் போனாள். கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை, அழுத்திச் சொல்லுங்கள் என்றார் அவர். "எத்தனை கிலோ அழுத்தணும் சார்?" என்று கேட்டுவிட்டாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்காரர், இன்னும் நாலு பேருடன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "நாங்க போய்ப் பிடுங்கிட்டு வந்துடறோம். நீ பாக்காத மாதிரி இரு, போதும்."

சரி என்று சொல்லத்தான் மனம் அடித்துக்கொண்டது. நடைத்தாங்கியைத் தள்ளிக்கொண்டு சித்தி வரப்பில் வந்து நிற்பது மனக்கண்ணில் தெரிந்தது. "வேணாம் மாமா. அப்படிச் செஞ்சா நாளைக்கு என் தாளை யாரும் தொடமாட்டாங்க," என்றாள். சொன்ன காரணம் அதுதான். அவர்கள் முணுமுணுத்தபடி திரும்பிப் போனார்கள்.

ஒரு மாதம் நாற்பது தோட்டமும் வெறுந்தரையாகக் கிடந்தது. சித்தப்பாவின் தோட்டம் மட்டும் பச்சையாக நின்றது. இருந்த ஈக்கெல்லாம் போக வேறு இடம் ஏது?

புது நாற்று நட்ட மூன்றாவது வாரம் அக்கா போன் செய்தாள். "கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

குருத்திலைகள் ஓரம் மஞ்சளாகி, கிண்ணம்போல் மேலே மடிந்திருந்தன. சித்தப்பாவின் வேலிப் பக்கம் அதிகம், இந்தப் பக்கம் அங்கங்கே.

"இப்ப என்ன செய்யணும்?" அக்கா கேட்டாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"சுருண்டதையெல்லாம் எடுத்துடணும். சாக்கைக் கவுத்து மூடிட்டுப் பிடுங்கணும், ஈ பறக்காம."

இருவரும் குனிந்து வேலையில் இறங்கினார்கள். இரண்டு வரிசை முடிந்தபோது வரப்பில் நிழல் விழுந்தது. சித்தப்பா. அவர் தோட்டத்திலும் இரண்டு பறிப்போடு செடி முடங்கிவிட்டதாம்.

"ஒரு வார்த்தை திட்டிடும்மா," என்றார் அக்காவைப் பார்த்து.

"திட்டினா செடி நிமிருமா சித்தப்பா? அந்தச் சாக்கப் பிடிங்க."

அவர் பிடித்தார். பூச்சி மேடம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நியாயம் அவர் பக்கமும் இருந்தது, அக்கா பக்கமும் இருந்தது. தன் பக்கம் ஒரு தாள்தான் இருந்தது.

பொழுது சாயும்போது பாதித் தோட்டம் சாக்குகளில் கிடந்தது. அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மிச்சமாவது தேறுமாடி?"

"பத்து நாள் போகட்டும்க்கா."

"பத்து நாள்ல நீ என்ன செய்வே?"

"வந்து பாப்பேன்," என்றாள் அவள்.