காற்றுச்சாமி இடுக்கு

காற்றுச்சாமி மலையின் இடுக்கில் கஜபதி மாட்டிக்கொண்டது எண்பத்தாறாம் வருஷம், ஆடி வெள்ளிக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. தலை சாமியிடம், கால் பெண்டாட்டியிடம், வயிறு பாறையிடம்.

நசரத்பேட்டையைத் தாண்டி பெங்களூர் ரோட்டில் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போனால் அந்த மலை. உச்சியில் ஒரு குகை. அதற்குள் உட்கார்ந்துதான் காற்றுச்சாமி என்ற சித்தர் முந்நூறு வருஷம் வெறும் காற்றைச் சாப்பிட்டு உயிரோடிருந்தார். அமாவாசையன்று அதுவும் கிடையாது, விரதம். குகைக்குள் போக ஒரே வழி, பாறையில் ஓர் இடுக்கு. அது சாமியின் இடுப்பளவு.

வேண்டிக்கொண்டவர்களுக்கு ஒரு முறை உண்டு. பூசாரி கோதண்டம் தேங்காய்நார்க் கயிற்றால் இடுப்பை அளந்து, அந்த அளவில் வெட்டிக் கொடுப்பார். நாற்பத்தெட்டு நாள் ஒரு வேளைச் சாப்பாடு. பிறகு வந்து கட்டிப்பார்த்தால் கயிறு நாலு விரல் தொளதொளக்க வேண்டும். இடுக்கில் நுழைந்து சாமி காலடியில் அதை வைத்துவிட்டால் வேண்டுதல் தீர்ந்தது.

கஜபதிக்காக வேண்டிக்கொண்டது கஜபதி இல்லை. மகள் தாட்சாயிணி டைபாய்டில் கண் செருகிக் கிடந்தபோது ஜெகதாம்பாள்தான், "கொயந்த எழுந்து உக்காந்தா எங்க ஊட்டுக்காரரு கயிறு கட்டுவாரு சாமி" என்று சொல்லிவிட்டாள். மறுநாளே குழந்தை எழுந்து உட்கார்ந்து ரசஞ்சோறு கேட்டது. கஜபதியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

முப்பத்தேழு நாள் அவர் ஒழுங்காகத்தான் இருந்தார். கடைசிப் பதினொரு நாள், பக்கத்து குவார்ட்டர்ஸ் இக்னேஷியஸின் ஸ்கூட்டரில் ஏறி, சாயங்காலமானால் பூந்தமல்லியில் பிரியாணி. முப்பத்தேழு நாளில் போன சதை, பதினொரு நாளில் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பியது.

கட்டிப்பார்த்ததில் கயிறு ஒரு விரல் எட்டவில்லை. கஜபதி அதில் ஐந்து விரல் நீளம் சேர்த்துப் பின்னிவிட்டார். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. உருப்படியைக் கேஜ் என்கிற அளவு வளையத்தில் விட்டுப் பார்ப்பார். நுழைந்தால் பாஸ், நுழையாவிட்டால் திரும்பக் கடைசலுக்கு. அப்படிப்பட்ட கை போட்ட ஒட்டு கோதண்டத்தின் கண்ணில் படவில்லை. பாறை கயிற்றைப் பார்க்கவே இல்லை.

முன்னால் இருட்டு, வௌவால் வாடை, கைக்கு எட்டாத தூரத்தில் ஒரு விளக்கு. மூச்சை இழுத்தால் பாறை இறுக்கியது. விட்டால், திரும்ப இழுக்க இடமில்லை. காலை மட்டும் ஆட்ட முடிந்தது.

"இன்னாம்மா, உன் ஊட்டுக்காரரு உள்ள தியானமா?" என்று வரிசையிலிருந்து பஞ்சவர்ணம் என்கிற பூக்காரம்மா கேட்டாள். "சாமிதான் மறைஞ்சிக்கிச்சு. காலாச்சும் தெரிதே, அதுக்கே கற்பூரம் காட்டிட்டுப் போலாம்."

மத்தியானத்துக்குள் அந்தக் கால்களில் மூன்று மாலை விழுந்தது. கட்டைவிரல் இடுக்கில் எலுமிச்சம்பழம் செருகினார்கள். ஒருத்தர் மொட்டை போட்டுக்கொள்வதாக வேண்டிக்கொண்டு போனார்.

இக்னேஷியஸ் காலைப் பிடித்து இழுத்தார். "மாமே, மூச்ச உடு!"

"உட்டா செத்துருவேன்டா!"

அப்போது ஜெகதாம்பாள் காலருகில் குனிந்தாள். "எனக்கு பயமா கீதுய்யா. பாறை புடிச்சிக்கினா வேண்டுதல் ஒடஞ்சிட்டதா அர்த்தமாம், கோதண்டம் சொல்றாரு. கொயந்தைக்கு மறுபடி ஜொரம் வந்துட்டா? நீதான் ஒரு பருக்க கூட தப்பு பண்ணலியே?"

வேறு இடமாக இருந்தால் கஜபதி கடைக்குப் போகிறேன் என்று எழுந்து போயிருப்பார். இங்கே அவள் கேள்விக்கும் சாமியின் விளக்குக்கும் நடுவில் அசைய வழியில்லை. ஒரே மூச்சில் கத்தினார்: "பதினொரு நாளு பிரியாணி துன்னேன் ஜெகதா! கயித்துல ஒட்டு போட்டேன்! இக்னேஷியஸும் கூட வந்தான்!"

உள்ளிருந்த காற்றெல்லாம் அதோடு போய்விட்டது. வயிறு ஒட்டியது. பாறை அவரை உள்ளே விழுங்கியது.

வெளியே ஜெகதாம்பாள் இக்னேஷியஸைத் திரும்பிப் பார்த்தாள். இக்னேஷியஸ், "வெள்ளிக்கிழமை நான் கறி தொடல, முட்டைதான்" என்றார்.

வருகிற வழி ஏற்றம். கஜபதி மூன்று தரம் முயன்றார், மூன்று தரமும் பாறை மாட்டேன் என்றது. இக்னேஷியஸ் மலையடிவாரத்து லாரிக்காரரிடம் ஒரு டப்பா கிரீஸ் வாங்கிவந்து உள்ளே தள்ளினார். "தடவிக்கோ மாமே. வய்க்கிகினு வந்துருவ."

கஜபதி டப்பாவைத் திறந்தார். மூடினார். அளவுக்கு வராத உருப்படிக்கு எண்ணெய் போட்டுக் கேஜில் திணித்தவர்களை இருபது வருஷமாகக் கையும் களவுமாகப் பிடித்தவர் அவர்.

"வேணாம்டா. ஜெகதா, பதினொரு நாள் பாக்கி கீது. இங்கியே முடிச்சிடறேன்."

ஜெகதாம்பாள், "தயிர் சோறுதான்" என்றாள்.

"சரி."

"ஊறுகா கெடையாது."

"சரி."

தினமும் ஆவடியிலிருந்து பஸ் ஏறி வந்து, ஒரு டப்பாவை இடுக்கில் தள்ளிவிட்டுப் பேசாமல் போனாள். நுழைந்து வந்த பக்தர்கள், விளக்குக்குப் பின்னால் தாடியோடு உட்கார்ந்திருந்தவர் முன்னால் வாழைப்பழச் சீப்புகளை வைத்தார்கள். கஜபதி ஒவ்வொரு சீப்பையும் திருப்பித் தள்ளினார். ஐந்தாம் நாள் அந்தக் குகை பிரியாணி அண்டாவின் உட்புறம் போலவே இருப்பதாகத் தோன்றியது. ஒன்பதாம் நாள் அவரும் காற்றைத் தின்று பார்த்தார். உப்பு குறைவு.

பன்னிரண்டாம் நாள் காலை கால் முதலில் வெளியே வந்தது, பிறகு தடங்கலில்லாமல் மீதி. தாட்சாயிணி ஓடிவந்து வயிற்றைத் தடவி, "நைனா, எங்க போச்சு?" என்று கேட்டாள். குழந்தைக்கு ஜுரமில்லை. கழுத்தில் கைவைத்து இரண்டு தரம் பார்த்துக்கொண்டார்.

ஜெகதாம்பாள் கயிற்றை வாங்கி, ஒட்டைத் தன் கையாலேயே பிரித்தெடுத்தாள். மிச்சத்தைக் கட்டினாள். நாலு விரல் தொளதொளத்தது. கஜபதி மறுபடி நுழைந்து கயிற்றை வைத்துவிட்டு வந்தார். பாறை அவரைக் கண்டுகொள்ளவே இல்லை.

ஐந்து விரல் ஒட்டை மட்டும் அவள் சாமிக்குக் கொடுக்கவில்லை. மறுநாள் கஜபதி வேலைக்குக் கிளம்பியபோது, அது அவருடைய டிபன் கேரியர் பிடியில் இறுக்கிக் கட்டியிருந்தது.